மேல்மாடி யன்னல்

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே முக்கால். கிழக்கு இலண்டனின் செவன் கிங்ஸில் தூறல்.

பக்கத்துப் பலசரக்குக் கடைச் சண்முகராசா நடைபாதைக்கு வந்து, ஸ்ரீதரன் குடியிருக்கும் மேல்மாடியின் யன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஒரு மாதமாக இதே கூத்து. தூறினால் போதும், வந்து பார்ப்பார். கீழே தன் புடவைக் கடைக்குள் நின்ற ஸ்ரீதரனுக்கு வயிறு எரிந்தது.

ஓடை பெருகி இரு கடைகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது ஒரே இரவில்தான். அதன்பின் இருவருக்கும் காப்புறுதி தர எவரும் முன்வரவில்லை. மற்றவர்கள் கைவிட்ட கட்டடங்களை மட்டும் ஏற்கும் நிறுவனம் ஒன்று மிஞ்சியிருந்தது. அது சண்முகராசாவை ஏற்றுக்கொண்டது.

அன்று அவர் தெரு முழுவதற்கும் லட்டுக் கொடுத்தார். ஸ்ரீதரனுக்கு மட்டும் பெரிய பெட்டி, முந்திரி தாராளமாக. அதுவரை பெயர் சொல்லி அழைத்தவர் அன்றிலிருந்து ‘அண்ணை’ என்றார்.

குத்திக்காட்டுவதற்கும் ஓர் அளவு வேண்டும் என்று ஸ்ரீதரன் நினைத்தார். லட்டு நன்றாக இருந்ததைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

இன்று அதே நிறுவனம் ஸ்ரீதரனின் கடையைப் பரிசோதிக்கும் முறை. காப்புறுதியின்றி இன்னொரு வெள்ளத்தைத் தாங்கும் வலு கடைக்கு இல்லை.

நிறுவனத்தின் பரிசோதகர் றூபினி, இலண்டனில் பிறந்த இளம்பெண், சுவரையும் தரையையும் பார்த்துத் திருப்தியடைந்தாள். கடைசியாக, எச்சரிக்கை வந்ததும் வாசலில் தடுப்புப் பலகை போடப்போவது யார் என்று கேட்டாள்.

தான்தான் என்றார் ஸ்ரீதரன். மேலேதானே குடியிருக்கிறார்.

அவள் கையிலிருந்த கோப்பைப் புரட்டிப் பார்த்தாள்.

“அங்கிள், உங்களைப் பக்கத்துக் கடைக்காரர் ஏற்கெனவே எடுத்திட்டார். அவர் வெம்பிளியில இருக்கிறார், நேரத்துக்கு வந்து சேர ஏலாது எண்டு தன்ர கடைக்குப் பலகை போட உங்கட பேரைத்தான் குடுத்திருக்கிறார். ஒராளை ரெண்டு கடைக்குக் கணக்கெடுக்க ஏலாது.”

சண்முகராசாவுக்குக் கிடைத்திருப்பது தற்காலிகக் காப்புறுதிதான். ஸ்ரீதரன் சம்மதித்துக் கையெழுத்திட்டால் அது நிலைக்கும். மறுத்தால் அது ரத்தாகும், ஸ்ரீதரனின் கடை ஏற்கப்படும். அவரிடம் நேரில் கேட்கச் சண்முகராசாவுக்கு இன்னும் வாய் வரவில்லையாம்.

அவள் சம்மதப் படிவத்தை மேசையில் வைத்தாள். ஸ்ரீதரன் பேனாவைத் திறந்தார்.

தூறல் வலுத்தது. கண்ணாடிக்கு வெளியே சண்முகராசா மறுபடியும் ஓடிவந்தார், குடையில்லாமல். வானத்தைப் பார்க்கவில்லை. யன்னலைத்தான் பார்த்தார்.

அந்த முகத்தில் ஏளனம் இல்லை. வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கிற முகம்.

இத்தனை நாளும் தான் பொறாமைப்பட்ட மனிதருக்கு, நம்புவதற்கு இருந்த ஒரே ஆள் தானே என்பது ஸ்ரீதரனுக்கு விளங்கியது. அந்த இடத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

“அப்ப உங்கட கடை, அங்கிள்?”

“அவன் நனையிறான். முதல்ல இதைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ, பிள்ளை.”

கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தை அவர் நீட்டினார்.