ஒரு ஆள் சூடு

கோடை முன்னறிவிப்பு வந்ததும் செங்குன்றம் ஏரிக்கரைத் தெருவில் புனிதவல்லி முதலில் பார்த்தது எதிர்வீட்டு வெயிலைத்தான். இப்போதெல்லாம் வெயிலை வீடு வீடாகக் கணித்துச் சொல்கிறார்கள். உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள், அடுப்பு எரியுமா என்பதும் அதில் சேர்த்தி.

"ஏன் எஸ்தரு, மே மாசம் உங்க வீட்ல நாலு ஆள் சூடு காட்டுதே? நீங்க ரெண்டு பேர்தானே?"

"பொண்ணு பிரசவத்துக்கு வர்றாக்கா. யாருக்கும் சொல்லவே இல்ல, அதுக்குள்ள மோப்பம் பிடிச்சிட்டியா? மொதல்ல உன் வீட்டப் பாரு."

பார்த்தாள். மே மாதம்: ஒரு ஆள் சூடு. அடுப்பு எரியும்.

புனிதவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கணவர் கஜேந்திரனுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. அடுப்பு எரிகிறதென்றால் வீட்டில் இருக்கப்போவது அவள். கம்பி நீட்டப்போவது அவர். யாரோடு? இஸ்திரிக்கடைக்காரி அவரைப் பார்த்து ஏன் அப்படிச் சிரிக்கிறாள்?

கேட்டே விடுவதென்று உள்ளே பாய்ந்தாள்.

கஜேந்திரன் சமையலறையில் நின்றிருந்தார். பக்கத்தில் போனில் அதே முன்னறிவிப்பு, அதே 'ஒரு ஆள் சூடு', திறந்திருந்தது. அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது.

"யோவ், நான் எங்கயும் போறதா சொல்லலியே?"

அவர் திரும்பவில்லை.

"ரசத்துக்குப் புளி எவ்வளவு போடணும், புனிதா?"