கம்பியைத் தூக்கியவள்

“கையும் களவுமா பிடிச்சுட்டேன்!” ஸ்டேஷன் மாஸ்டர் வாசலிலிருந்தே கத்தினார்.

ரிட்டயராகி மூணு வருஷமாச்சு. குரல் மட்டும் இன்னும் ரிட்டயராகவில்லை. மலையடிவாரத்தில் தன்னந்தனியாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் புல் அசைய வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. ஆட்டுக்காரம்மாவின் முப்பது ஆடுகள் விட்டால்தானே?

இன்றைக்குப் பார்த்தால், ஆடுகள் தானாக நுழையவில்லை. அந்த அம்மாவே வேலிக் கம்பியைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள்!

“ஏம்மா, மலை பூரா புல்லு கிடக்கு. என் வீட்டுப் புல்லுதான் உன் ஆட்டுக்கு இனிக்குதா?”

“இன்னும் கொஞ்ச நேரந்தாங்கய்யா. இந்த மூலை மட்டும் பாக்கி.”

“பாக்கியா? என்ன கொழுப்பு பாரு!”

சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

“போலீஸெல்லாம் எதுக்குங்க? பாவம், வாயில்லாத ஜீவன்” என்றாள் மனைவி.

“மேய்க்கிறவளுக்கு வாய் இருக்கில்ல?”

போலீஸ் ஸ்டேஷனில் அவர் புகாரை இரண்டாம் பக்கத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தபோது, ஏட்டு போனை வைத்துவிட்டு எழுந்தார்.

“சார், உங்க வீடு அந்த மலைப் பக்கம்தானே? அங்கே காட்டுத் தீயாம். காத்து வேற பலமா அடிக்குது.”

மாஸ்டர் புகாரை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். மனைவிக்குப் போன் போட்டார். மணி அடிக்கவே இல்லை.

பாதி வழியில் தீயணைப்பு வண்டி சாலையை மறித்து நின்றது.

“உள்ளே போக முடியாது சார். ஒரே புகை.”

“வீட்ல என் பொண்டாட்டி தனியா இருக்காய்யா!” ரயிலையே கொடியசைத்து நிறுத்திய மனுஷன், நடுரோட்டில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் விட்டார்கள். வழியெல்லாம் கரி. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திருப்பத்தைத் தாண்டினார்.

வீடு முழுசாக நின்றது.

முற்றத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள், முகத்தில் ஈரத்துணியோடு. பக்கத்தில் ஆட்டுக்காரம்மா. சுற்றிலும் முப்பது ஆடுகள், இருமிக்கொண்டு.

“இவங்க மட்டும் இல்லேன்னா, நான் பயத்துல ரோட்டுப் பக்கம் ஓடியிருப்பேங்க. நெருப்பு அங்கேதான் முதல்ல வந்துச்சு” என்றாள் மனைவி.

கூடவே வந்த தீயணைப்பு அதிகாரி வேலியோரம் குனிந்து பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் சாம்பல். இந்தப் பக்கம் வெறும் மண்.

“சுத்தி வர இருபதடிக்குப் புல்லே இல்லை. தின்ன ஒண்ணும் கிடைக்காம தீ அடங்கிடுச்சு. பலே வேலை சார்! யார் சொன்ன யோசனை?”

மாஸ்டர் ஆட்டுக்காரம்மாவைப் பார்த்தார். நேராகப் போய் வேலிக் கதவின் பூட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

“இனிமே கம்பியெல்லாம் தூக்க வேண்டாம்மா. வாசல் வழியாவே ஓட்டிட்டு வாங்க.” முதல் தடவையாக ‘வாங்க’ என்றார். “ஆனா, மூணு வருஷமா என்கிட்ட அத்தனை திட்டு வாங்கிக்கிட்டீங்களே... காரணத்தை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

ஆட்டுக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீங்க குடி வந்த அன்னைக்கு உங்க வீட்டம்மா முகத்துல அவ்வளவு சந்தோஷம். இதே இடத்துல இருந்த எங்க வீடு தீயில போயிடுச்சுன்னு சொல்ல மனசு வரலைங்கய்யா.”