ஒரு நாளைக்கு அறுபத்து மூன்று தடவை

“ஒரே போன், ஒரே பாட்டு, ஒரு நாளைக்கு அறுபத்து மூணு தடவை. மனுஷங்க யாரும் இப்படிக் கேக்க மாட்டாங்க மேடம்.”

பாட்டு கம்பெனிக்காரன் இதைப் பதவிசாகச் சொன்ன விதத்திலேயே பாடகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்த போனை அப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

விஷயம் இதுதான். மூன்று மாதமாக அவள் பாட்டு ஓடியதெல்லாம் போலியாம். கேட்க ஆளே இல்லாமல் இயந்திரம் வைத்து ஓட விட்டாளாம். அந்தப் பாட்டை நேற்றே ஆப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். இன்று ஐந்து மணிக்குள் சரியான காரணம் சொல்லாவிட்டால் மீதி எட்டையும் தூக்கிவிட்டு, கணக்கையே மூடிவிடுவார்களாம்.

எட்டுப் பாட்டு! ஆறு வருஷ உழைப்பு. கண்டவர் வீட்டுப் பிறந்தநாளுக்கெல்லாம் மைக் பிடித்துச் சேர்த்த காசை ஸ்டுடியோ வாடகையில் கொட்டி, வயலின்காரரிடம் கெஞ்சி, புல்லாங்குழல்காரரிடம் கடன் சொல்லிப் பண்ணியவை.

ஆயிரம் தடவை ஓடினால் இவர்கள் கொடுக்கிற காசில் உருப்படியாக ஒரு டீ குடிக்க முடியாது. ஆயிரத்துக்குக் கீழே என்றால் அதுவும் கிடையாது. கேட்டால், விதிமுறையாம். யார் போட்ட விதிமுறை? பாடுகிறவளைக் கேட்டா போட்டார்கள்?

அந்தப் பிச்சைக்காசுக்கு இவள் மோசடி செய்தாளாம். இயந்திரம் ஓடுகிற கரண்டு பில்லுக்குக் கூடக் காணாதே, அடப்பாவிகளா!

காசு கட்டினால் உங்கள் பாட்டை முதல் வரிசையில் காட்டுகிறோம் என்று வாராவாரம் மெயில் அனுப்புகிறவர்களும் இவர்களேதான். அதற்குப் பெயர் விளம்பரம். ஒரு மனுஷி உட்கார்ந்து கேட்டால் மோசடி.

“தம்பி, நீங்க அனுப்பின நம்பரைப் பார்த்தேன், அந்த போனை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அது எங்கம்மா போன். மக பாட்டு, பிடிச்சிருக்கு, கேக்கறாங்க. இதுல உங்களுக்கு என்ன வலிக்குது?”

அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. அப்படியென்றால் அம்மாவே ஒரு வார்த்தை சொல்லட்டும், அழைப்பு பதிவாகிக்கொண்டிருக்கிறது, கேட்டவர் வாயாலேயே வந்துவிட்டால் தூக்கிய பாட்டைத் திரும்ப ஏற்றிவிடலாம், மற்றதையும் தொட மாட்டோம் என்றான்.

அவ்வளவுதானே! அவளுக்கு உயிர் வந்தது.

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்படி வாசலில் நின்ற அப்பா இரண்டு கையையும் வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினார். சண்டை வேண்டாம் என்கிறாராக்கும். பால்காரனிடம் கூடக் குரலை உயர்த்தாத மனுஷன். இவரைப் போல எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருப்பதால்தான் இவன்கள் இந்த ஆட்டம் ஆடுகிறார்கள்.

அவள் போனை அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவன் மரியாதையாகவே பாட்டின் பெயரைச் சொல்லி, முதல் அடியையும் படித்துக் காட்டி, இதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா அம்மா என்றான்.

அம்மா பொய் சொல்லத் தெரியாதவள். பட்டாணியைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே யோசித்தாள்.

“இல்லையேப்பா. நான் கேட்டதே இல்லையே. யார் பாடினது?”

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. அவன் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

பாடகி அப்பாவைப் பார்த்தாள். லேசான மறதி என்றுதானே இத்தனை நாளும் போனில் சொன்னார்!

அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார். “பாட்டு முடிஞ்சதுமே மறந்துடறாம்மா. ஆனா ஓடற வரைக்கும் அழ மாட்டா. அதான் நான் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருந்தேன்.”

நேற்று மத்தியானத்திலிருந்து போடவில்லை. ஆப்பில் அந்தப் பாட்டே இல்லை. அவள் அந்தப் பாழாய்ப்போன எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்தாள். எல்லா இணைப்புகளும் பிஸி என்றது ஒரு இயந்திரம்.

அம்மா மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அந்தப் பையன் ஏதோ பாட்டுன்னு சொன்னானே, அதைக் கொஞ்சம் போடேன். நல்லா இருக்கான்னு கேப்போம்.”