கேமராவுக்கு வைத்த பொட்டு

"கேமராப் படத்தப் போடுங்க அண்ணாச்சி! நான் வான்னு சொன்னேனா, நில்லுன்னு சொன்னேனான்னு அதுவே சொல்லிரும்!" என்று இசக்கிபாண்டி முதலாளி முன்னால் குதித்தான். அன்று காலையில் அவன் காவல் காக்கும் கார் பார்க்கிங்கில் ஒருவர் வண்டியைப் பின்னால் எடுத்துத் தூணில் இடித்துவிட்டார். காவல்காரன் கையைக் காட்டி வரச்சொன்னதால்தான் வந்தேன் என்கிறார் பக்கத்தில் நின்ற அந்தக் கார்க்காரர். அது உண்மையென்றால் இசக்கிபாண்டிக்கு இன்றோடு வேலை போயிற்று. கேமரா இருக்கிறதென்று நம்பிப் பிரீமியத்தைக் குறைத்துக் கொடுத்த இன்சூரன்ஸ்காரரும் வந்து உட்கார்ந்திருந்தார்.

முதலாளி படத்தை ஓடவிட்டார். திரை முழுக்க மஞ்சள், நடுவில் சிவப்பு.

"எவம்லே கேமராவுக்குப் பொட்டு வச்சது?"

இசக்கிபாண்டி வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். முன்பு வேலை பார்த்த கல் குவாரியில் வருசா வருசம் சம்மட்டிக்குப் பொட்டு வைத்த கை அது. நேற்று ஆயுத பூசைக்கு ஏணி போட்டு ஏறி, நம்மோடு சேர்ந்து காவல் காக்கிற பொருளாயிற்றே என்று சந்தனத்தை நன்றாக அப்பியிருந்தான்.

"சோலி முடிஞ்சுது" என்று கார்க்காரர் சிரித்தார்.

அந்த நேரம் திரையில் படம் குலுங்கியது. கேமரா இருந்த தூணில்தான் கார் மோதியிருந்தது. காய்ந்த சந்தனத்தில் ஒரு சில்லு பெயர்ந்து விழ, அந்த ஓட்டைக்குள் ஒரு கை தெரிந்தது.

"என் கைதான்! என் கைதான் அண்ணாச்சி!"

"கை உன்னோடதுதாம்ப்பா. வான்னு சொல்லுதா, நில்லுன்னு சொல்லுதா?" இன்சூரன்ஸ்காரர் படத்தை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். எல்லோரும் திரையில் தலையைக் கொண்டுபோய் முட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற இசக்கிபாண்டியின் கை, அவன் தூக்காமலே எழும்பி, கார்க்காரர் முகத்துக்கு நேரே உள்ளங்கையை விரித்து நின்றது.