நாலு இதழ்
தையற்கடையில் மெஷின் ஓய்ந்திருக்கிறது. கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்க்கிறார். இறந்துபோன மனைவி எம்பிராய்டரி வரைந்த விண்டோஸ் மென்பொருளை, மச்சினன் மூன்று நாள் மல்லுக்கட்டி, வைன் என்ற இலவசக் கருவியால் விண்டோஸ் இல்லாத தன் லினக்ஸ் கணினியில் ஓட வைத்திருக்கிறான். எழுத்துரு இல்லாததால் எழுத்துகள் எல்லாம் வெறும் கட்டங்களாக நிற்கின்றன. நடுவில் அவள் கடைசியாக வரைந்த பூ மட்டும் அப்படியே விரிகிறது, நாலு இதழோடு. "அஞ்சாவதை நீங்களே போட்டுருங்க, அத்தான்," என்கிறான். சுட்டியைத் தொட்டதும் ஓர் இதழ் நூலளவு நகர்ந்துவிடுகிறது. பதறிப்போய் மூடப் பார்க்கிறார். சேமிக்கட்டுமா என்று கேட்கும் பெட்டி வருகிறது; அதன் மூன்று பொத்தானிலும் கட்டங்கள்தான். "சேமிச்சா தேதி மாறிடுமா?" "ஆமா, இன்னைக்குத் தேதி விழும்." கோப்பில் இருப்பது அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று வருஷக்கணக்காகப் பார்த்தவர், வேண்டாம் என்கிற நடுப் பொத்தானைத் தயங்காமல் அழுத்துகிறார். நாலே இதழோடு, அவள் தேதியில், பூ மூடிக்கொள்கிறது.