பயப்படும் வேலை

செங்கோடனுக்கு உயரம் என்றாலே உயிர் போகும். அதற்காகவே கம்பெனி அவனை வேலைக்கு எடுத்தது. தினமும் அட்டைக்கடியோடு கொல்லிமலைக் காட்டில் ஏறி, மர உச்சிகளுக்கிடையே தொங்கும் பாலத்தில் நடப்பான். அவன் மார்பில் ஒட்டிய சின்ன மின்கருவி அந்தப் பயத்தை, நகரங்களில் சோபாவில் சாய்ந்திருக்கும் சந்தாதாரர்களின் நெஞ்சுக்கு அனுப்பும்.

ஆறு மாதத்தில் பயம் விட்டுப்போயிற்று.

"உன் நடை சப்புனு இருக்காம்யா. நாளைக்கும் இப்படின்னா வேற ஆளப் பாத்துக்கறோம்," என்றார் மேனேஜர்.

மறுநாள் ஐந்து வயது மகள் தர்ஷினியைக் கூட்டிவந்தான். நடுப்பாலத்தில் அவள் இடுப்பில் கட்டியிருந்த பாதுகாப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

"முன்னால ஓடு சாமி. அப்பன் பின்னாலயே வர்றேன்."

அன்று சந்தாதாரர்கள் மூச்சுவிட மறந்தார்கள்.

தினமும் அவளைக் கூட்டிவந்தான். இருபதாவது நாள் அவள் கால் வழுக்கி, கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி "அப்பா" என்று கத்தினாள். செங்கோடன் போய்த் தூக்கிவிட்டான். அவன் நெஞ்சு சீராகவே அடித்துக்கொண்டிருந்தது.