பால்சாமியின் பொங்கல் நாடகம்

பரளச்சியில் எழுபத்து நாலாம் வருஷப் பொங்கல் நாடகத்தையும் பால்சாமிதான் எழுதினான். கதையை மனைவி கருத்தம்மாளிடம் சொன்னான்.

“கதாநாயகன் கல்யாணத்துக்கு முந்துன காலத்துக்கே திரும்பிப் போறான். பொண்ணு பார்க்க வர்ற அன்னைக்கு, கெணத்தடியில நிக்கிற பொண்ணுகிட்ட, ‘அந்தப் பயலைக் கட்டாதே’ங்கிறான்.”

“எந்தப் பயலை?”

“கதாநாயகனைத்தான், தன்னையேதான் சொல்றான்! அவன் பருத்தி போட்டா மழை போயிரும், நாடகம் போட்டா வந்துரும்.”

கருத்தம்மாள் சிரிக்கவில்லை.

“அப்போ, நீங்க என்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு எங்க கெணத்தடிக்கு வந்து இதையே சொன்ன நரைச்ச தலைக்காரரு நீங்கதானா?”

பால்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“பெறகு ஏன் என்னைக் கட்டுனே?”

“கட்டாதேன்னுட்டு, என் கையால கம்பங்கூழு வாங்கிக் குடிச்சாரு. பெறகு போக மனசில்லாம இன்னொரு செம்பு கேட்டாருல்ல!”